முட்டிவலிக்கு சத்து மாத்திரை: மருந்துக்கடை மேசைக்கு இந்தப் பக்கமிருந்து

காலை பத்து மணி டவுன் பஸ் வந்து போனதும் எங்கள் கடையில் ஒரு கூட்டம் சேரும். பாலக்கோடு பக்கத்துச் சின்ன மருந்துக்கடை. போன மாதம் அந்தக் கூட்டத்தில் ஒரு ஆயா. முந்தானை முடிச்சை அவிழ்த்து, காசோடு சேர்த்து ஒரு காலி அட்டையை மேசைமேல் வைத்தார். பச்சையாக மினுக்குமே, வைட்டமின் இ 400, அந்தக் கேப்சூல் அட்டை.

"இதேதான் தம்பி. ரெண்டு அட்டை குடு."

"யாரு ஆயா எழுதிக் குடுத்தது?"

"எழுதிக் குடுக்க என்ன இருக்குது? எங்க சம்பந்தி சாப்புடுது. முட்டியில எண்ணெ வத்திப்போச்சுன்னா இது நல்லதாம். இதுல எண்ணெதான இருக்குது?"

கேப்சூலை அமுக்கினால் உள்ளே எண்ணெய் தெரியும். முட்டியிலும் எண்ணெய் மாதிரி ஒரு திரவம் இருக்கிறது. இது வற்றினால் அதை ஊற்ற வேண்டியதுதானே? எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தால், பெரிய பெரிய ஆராய்ச்சிக்கூடங்களும் முப்பது வருடத்துக்கு முன்னால் இதைவிடக் கொஞ்சம் நாகரிகமான வார்த்தைகளில் கிட்டத்தட்ட இதே கணக்கைத்தான் போட்டிருக்கின்றன.

அந்தக் கணக்கு இது. மூட்டில் வீக்கம் வந்தால் அங்கே வெள்ளணுக்கள் குவியும். அவை ஆக்ஸிஜனிலிருந்து பிறக்கிற, வீரியம் மிகுந்த சில மூலக்கூறுகளை வெளியே விடும். கிருமியைக் கொல்ல உடம்பு வைத்திருக்கும் ஆயுதம் அது. கிருமியே இல்லாத மூட்டில் அந்த ஆயுதம் குருத்தெலும்பையே அரிக்கும். வைட்டமின் சி, வைட்டமின் இ, மஞ்சள் ஆரஞ்சு நிறக் காய் பழங்களில் இருக்கும் பீட்டா கரோட்டின், இவையெல்லாம் அந்த மூலக்கூறுகளை அடக்கக்கூடியவை. அதனால்தான் ஆன்டிஆக்ஸிடன்ட் என்று பெயர். போதாததற்கு வைட்டமின் சி-க்கு இன்னொரு வேலையும் உண்டு. குருத்தெலும்பு, எலும்பு, தோல் எல்லாவற்றுக்கும் நார்போல இருப்பது கொலாஜன். அந்த நாரை முறுக்கிக் கட்டும் நொதிகள் வைட்டமின் சி இல்லாமல் வேலை செய்யாது. கடற்பயணத்தில் மாதக்கணக்கில் பச்சைக் காய்கறி பார்க்காத மாலுமிகளுக்கு ஈறு வீங்கி, மூட்டுக்குள் ரத்தம் கசிந்து வந்த ஸ்கர்வி, இந்தச் சத்து இல்லாமல் வந்த நோய்தான். 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் எலுமிச்சையும் ஆரஞ்சும் கொடுத்து அதை மாற்றிக் காட்டினார்.

ஆக, இந்த வைட்டமின்கள் மூட்டுக்கு வேண்டாதவை என்று யாராலும் சொல்ல முடியாது. வேண்டும். ஆனால் "வேண்டும்" என்பதற்கும் "மாத்திரையாக அதிகம் போட்டால் நோய் குணமாகும்" என்பதற்கும் நடுவே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. என் கடையில் நான் பார்க்கும் தவறுகளில் பாதி அந்தப் பள்ளத்தில்தான் விழுகின்றன. மீதிப் பாதி அதைவிட மோசம். என்ன நோய் என்றே தெரியாமல் மாத்திரை போடுவது.

ஆய்வு சொன்னதில் பாதியை மட்டும் பிடித்துக்கொள்வது

அமெரிக்காவில் ஃபிராமிங்காம் என்ற ஊர் மக்களைத் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்ந்து ஆய்வு செய்கிறார்கள். 1996-ல் அங்கிருந்து ஒரு முடிவு வந்தது. உணவில் வைட்டமின் சி அதிகம் எடுத்தவர்களுக்கு, ஏற்கனவே இருந்த முட்டித் தேய்மானம் முற்றுவது மூன்றில் ஒரு பங்காக இருந்தது. யூடியூபில் "வைட்டமின் சி முட்டியைக் காக்கும்" என்று பேசுகிறவர்கள் இந்த வாக்கியத்தோடு நிறுத்திவிடுவார்கள். அதே ஆய்வு, புதிதாகத் தேய்மானம் வருவதை வைட்டமின் சி தடுக்கவில்லை என்றும் சொன்னது. அது என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு பார்த்த ஆய்வு, மாத்திரை கொடுத்துச் சோதித்தது இல்லை. கீரையும் பழமும் நிறையச் சாப்பிடுகிறவர் வேறு பல விஷயங்களிலும் உடம்பைக் கவனிப்பவராக இருப்பார். பலன் எதனால் வந்தது என்று அதில் பிரிக்க முடியாது.

பிரித்துப் பார்க்க ஒரே வழி, பாதிப் பேருக்கு மாத்திரை, பாதிப் பேருக்கு அதேபோல் தோற்றமளிக்கும் வெறும் மாத்திரை என்று கொடுப்பது. ஆஸ்திரேலியாவில் அப்படிச் செய்தார்கள். முட்டித் தேய்மானம் உள்ள நூற்று முப்பதுக்கும் மேற்பட்டவர்கள், இரண்டு வருடம், தினம் 500 யூனிட் வைட்டமின் இ. எம்ஆர்ஐ எடுத்துக் குருத்தெலும்பின் அளவைப் பார்த்தார்கள். 2002-ல் முடிவு வெளிவந்தது. வைட்டமின் சாப்பிட்டவர்களுக்கும் வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் தேய்மானம் ஒரே மாதிரி. ஆயாவின் பச்சைக் கேப்சூலுக்கான நேரடிப் பதில் இதுதான். எண்ணெய் வயிற்றுக்குப் போகிறது, முட்டிக்குப் போவதில்லை என்று நான் அவருக்குச் சுருக்கிச் சொன்னேன்.

வைட்டமின் சி விஷயத்தில் ஒரு சங்கடமான ஆய்வும் இருக்கிறது. ஆடு மாடு நாயெல்லாம் தமக்கு வேண்டிய வைட்டமின் சி-யைத் தம் உடம்பிலேயே செய்துகொள்ளும். நம்மால் முடியாது. கினிப்பன்றிக்கும் முடியாது. அதனால் கினிப்பன்றியை வைத்துச் சோதித்தார்கள். 2004-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த முடிவு: பல மாதங்கள் அதிக அளவில் கொடுத்த கினிப்பன்றிகளுக்கு முட்டித் தேய்மானம் கூடியிருந்தது. விலங்குக்கு நடந்தது அப்படியே மனிதனுக்கும் நடக்கும் என்று சொல்லிவிட முடியாதுதான். ஆனாலும் "சத்துதானே, அதிகமா இருந்தா என்ன?" என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் இந்தக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை.

உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்குகிற முடக்குவாதத்திலும் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) இதே ஏமாற்றம். அமெரிக்காவில் சுமார் 39,000 பெண்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் 600 யூனிட் வைட்டமின் இ-யும் வெறும் மாத்திரையும் பிரித்துக் கொடுத்து ஆண்டுக்கணக்கில் பார்த்தார்கள். முடக்குவாதம் வருவதை அது குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை. யூரிக் அமிலம் கூடி வரும் கௌட் நோயில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது. தினம் 500 மில்லிகிராம் வைட்டமின் சி, இரண்டு மாதத்தில் ஆரோக்கியமானவர்களின் யூரிக் அமிலத்தை அரைப் புள்ளி (டெசிலிட்டருக்கு 0.5 மில்லிகிராம்) குறைத்தது. ஆனால் நோய் வந்தவர்களிடமே சோதித்தபோது அந்தக் குறைவு சிகிச்சைக்கு உதவுகிற அளவுக்கு இல்லை. அரைப் புள்ளியை நம்பி, டாக்டர் எழுதிய யூரிக் அமில மாத்திரையை நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். ராத்திரி கட்டைவிரல் வீங்கி, போர்வை பட்டால்கூடக் கத்துகிற நிலைமையில் மகன் பைக்கில் உட்காரவைத்துக் கூட்டி வருவான்.

எல்லா மூட்டு வலியையும் "வாதம்" என்று ஒரே மூட்டையில் கட்டுவது

இதில் நானே செய்த தவறு ஒன்று உண்டு. சொல்லிவிடுகிறேன்.

காவேரிப்பட்டணம் பக்கம் குண்டுமல்லித் தோட்டம் வைத்திருக்கும் ஒரு அக்கா, இங்கே தங்கை வீட்டுக்கு வந்து போகும்போதெல்லாம் கடைக்கு வருவார். விரல் வலி என்பார். நாள் முழுக்க பூப் பறிக்கிற விரல், வலிக்காமல் என்ன செய்யும் என்று நினைத்தேன். வைட்டமின் சி சப்பும் மாத்திரையும், வைட்டமின் இ-யும், ஒரு வலித்தைலமும் கொடுத்து அனுப்புவேன். எட்டு மாதம். ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார்: "விடியக்காலம் மொக்குக் கிள்ளவே முடியல தம்பி. களி கிண்டலாம்னா துடுப்பு கையில நிக்க மாட்டேங்குது. ஒம்பது, பத்து மணி ஆனா தானா சரியாயிருது."

அப்போதுதான் உறைத்தது. உழைத்து வந்த வலி என்றால் சாயங்காலம்தான் அதிகம் இருக்க வேண்டும். ராத்திரி முழுக்க ஓய்வெடுத்த கை, காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இறுகிக் கிடக்கிறது, இரண்டு கையிலும், விரல் அடிக்கணுக்கள் வீங்கி. இது முடக்குவாதத்தின் முகம். கையைக் காட்டச் சொன்னேன். மோதிர விரலில் கிடந்த மோதிரம் கழற்ற முடியாமல் சதைக்குள் புதைந்திருந்தது. அன்றைக்கே மூட்டுவாத நிபுணரிடம் போகச் சொன்னேன். ரத்தப் பரிசோதனையில் உறுதியானது. முடக்குவாதத்துக்கு நோயின் போக்கையே மாற்றும் மருந்துகள் உண்டு. எவ்வளவு சீக்கிரம், முதல் சில மாதங்களுக்குள், தொடங்குகிறோமோ அவ்வளவுக்கு விரல் கோணாமல் காப்பாற்றலாம். நான் விற்ற சப்பும் மாத்திரைகளுக்கு அந்த அக்கா எட்டு மாதத்தை விலையாகக் கொடுத்திருக்கிறார். இப்போது சிகிச்சையில் நன்றாக இருக்கிறார். இடது கையில் ஒரு விரல் மட்டும் முழுதாக மடங்குவதில்லை.

அந்த மருந்துகளில் முதலில் கொடுக்கப்படுவது பெரும்பாலும் மெத்தோட்ரெக்ஸேட். இதை வாரத்துக்கு ஒரே ஒருநாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜை வேலைநிறுத்தம் செய்து உயிருக்கே ஆபத்தாகும். கூடவே ஃபோலிக் அமிலம் என்று சின்ன மஞ்சள் மாத்திரை ஒன்றை எழுதியிருப்பார்கள். பலர் அதைத்தான் "சும்மா சத்து மாத்திரை" என்று நிறுத்திவிட்டு, பக்கத்து வீட்டில் சொன்ன வைட்டமின் இ-யைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். மெத்தோட்ரெக்ஸேட்டின் வாய்ப்புண், குமட்டல் போன்ற பக்கவிளைவுகளைக் குறைக்கத்தான் அந்த மஞ்சள் மாத்திரை. கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் எதை விடுவது, எதைச் சேர்ப்பது என்று முடிவெடுக்க வேண்டாம்.

தண்ணீரை மறந்துவிட்டு மாத்திரையைத் தேடுவது

தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். வெளியூரில் எழுதப்படும் மூட்டுவலிக் கட்டுரைகளில் இது இருக்காது.

நம் பகுதிப் பாறைகளில் ஃபுளோரைடு இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் அது கரைந்து வருகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேல் வருடக்கணக்கில் குடித்தால் சின்ன வயதில் பல்லில் பழுப்புக் கோடு விழும். நடுவயதில் அது எலும்பிலும் தசைநார்களிலும் படியும். கழுத்து திரும்பாது, முதுகு வளையாது, முட்டி மடங்காது. இதற்கு ஃபுளோரோசிஸ் என்று பெயர். பார்க்க மூட்டுவாதம் மாதிரியே இருக்கும். எக்ஸ்ரேயில்தான் குட்டு வெளிப்படும். எலும்பு வழக்கத்தைவிட அடர்த்தியாகத் தெரியும். முன்னங்கையில் இரண்டு எலும்புக்கும் நடுவே இருக்கிற சவ்வு சுண்ணாம்பு படிந்து வெள்ளையாகத் தெரியும். இந்தப் பிரச்சனைக்காகத்தான் சுமார் 1,928 கோடி ரூபாய் செலவில் ஒகேனக்கல் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம் கொண்டுவரப்பட்டு 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. ஒரு குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே நோயின் பெயரும் இருக்கிறது என்றால் நிலைமை புரியும்.

வீட்டிலேயே செய்து பார்க்க மூன்று எளிய சோதனைகள் உண்டு. முட்டியை மடக்காமல் குனிந்து கால் கட்டைவிரலைத் தொட முடிகிறதா? தாடையை நெஞ்சில் படவைக்க முடிகிறதா? இரு கையையும் பக்கவாட்டில் நீட்டி, மடக்கிப் பின்தலையைத் தொட முடிகிறதா? முடியவில்லை என்றால் ஃபுளோரோசிஸ்தான் என்று அர்த்தமில்லை. தொப்பை இருந்தாலும் முதல் சோதனையில் தோற்கலாம், நானே தோற்றேன். ஆனால் மூன்றும் முடியவில்லை, பல்லில் பழைய கறை இருக்கிறது, வீட்டில் பலருக்கும் இதே பிடிப்பு இருக்கிறது என்றால் டாக்டரிடம் "எங்க ஊர் போர் தண்ணிங்க" என்று சொல்லத் தவறாதீர்கள்.

தண்ணீரில் நான் பார்க்கும் பிழைகள்: காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும் என்பது முதலாவது. காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு சாகாது. தண்ணீர் ஆவியாகிப் போகப்போக மிச்சமுள்ளதில் அதன் செறிவு கூடத்தான் செய்யும். அடுத்தது, குடிக்க மட்டும் ஒகேனக்கல் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்துக்கொண்டு, சோற்றுக்கும் களிக்கும் குழம்புக்கும் போர் தண்ணீரை ஊற்றுவது. களி உருண்டை எவ்வளவு தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது என்பது கிண்டியவர்களுக்குத் தெரியும். வாயில் போகிற எல்லாத் தண்ணீரும் கணக்குதான். பாலில்லாத கடுந்தேநீரை நாளுக்கு ஆறேழு முறை குடிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: தேயிலையிலும் ஃபுளோரைடு உண்டு.

இங்கே ஆன்டிஆக்ஸிடன்ட் வைட்டமினுக்கு ஒரு நியாயமான இடம் இருக்கிறது. ஃபுளோரோசிஸ் பாதித்தவர்களுக்குக் கால்சியம், வைட்டமின் சி, வைட்டமின் டி, ஆன்டிஆக்ஸிடன்ட் உள்ள நல்ல சாப்பாடு கொடுப்பது சிகிச்சையின் ஒரு பகுதியாகவே வைக்கப்பட்டிருக்கிறது. சத்துக் குறைந்த உடம்பை ஃபுளோரைடு அதிகம் வாட்டும். ஆனால் தண்ணீரை மாற்றாமல் வைட்டமினைச் சேர்ப்பது, கூரை ஒழுகும்போது ஓட்டையை அடைக்காமல் தரையைத் துடைத்துக்கொண்டே இருப்பது மாதிரி.

புளிப்பு ஆகாது என்று பழத்தை ஒதுக்கிவிட்டு, புளிப்பு மாத்திரை வாங்குவது

இது நம் ஊர்களின் தனி வேடிக்கை. "வாத உடம்பு, புளிப்பு சேர்த்தா முட்டி பிடிச்சுக்கும்" என்று எலுமிச்சை, நெல்லி, தக்காளி, புளி எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். பிறகு கடைக்கு வந்து ஆரஞ்சு வாசனை அடிக்கும் வைட்டமின் சி மாத்திரை வாங்கி, நம் முன்னாலேயே ஒன்றை வாயில் போட்டு "நல்லா புளிப்பா இருக்குது" என்பார்கள்.

புளிப்பு சாப்பிட்டால் மூட்டு வீங்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. யாருக்காவது குறிப்பிட்ட ஒரு உணவு சாப்பிட்ட மறுநாள் வலி கூடுகிறது என்று திரும்பத் திரும்பத் தெரிந்தால் அவர் அதை மட்டும் விடட்டும். மொத்தமாக ஒதுக்க வேண்டாம். அதிலும் புளியைப் பற்றி ஒரு சுவையான செய்தி உண்டு. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள் பள்ளிச் சிறுவர்களுக்குத் தினம் 10 கிராம் புளி சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். சிறுநீர் வழியாக வெளியேறிய ஃபுளோரைடின் அளவு கூடியது. 2002-ல் வெளியான அந்த ஆய்வு சின்னதுதான், புளிக்குழம்பு மருந்து என்று நான் சொல்லவில்லை. ஆனால் புளியும் ஃபுளோரைடும் சேர்ந்தே விளைகிற மாவட்டத்தில் புளியைப் பகையாளியாக்க வேண்டிய அவசியம் இல்லை. ரத்த அழுத்தக்காரர்கள் ஊறுகாய் உப்பில்தான் கவனமாக இருக்க வேண்டும்.

அளவு எவ்வளவு என்று பார்த்தால் மாத்திரை ஆசை தானாகக் குறையும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி ஒரு நாளுக்கு ஆணுக்கு 80, பெண்ணுக்கு 65 மில்லிகிராம் வைட்டமின் சி போதும். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் மிளகாய்த்தூள் தூவித் தருகிறார்களே, அந்தச் சின்ன கொய்யா ஒன்றே அன்றைய கணக்கைத் தீர்த்துவிடும். பெரிய நெல்லிக்காய் ஒன்றும் அப்படியே. முருங்கைக்கீரை 100 கிராமில் சுமார் 100 மில்லிகிராம், ஆனால் சமைப்பதில் ஒரு பங்கு போய்விடும். வைட்டமின் சி தண்ணீரில் கரையும், சூட்டில் அழியும். கீரையை நறுக்கிய பிறகு அலசுவது, வேகவைத்த தண்ணீரைக் கொட்டுவது, எலுமிச்சையைப் பிழிந்துவிட்டுக் கொதிக்க விடுவது, இவையெல்லாம் சத்தை அடுப்பங்கரையிலேயே தொலைக்கும் வேலைகள். கீரையை முதலில் அலசி, அப்புறம் அரிந்து, வெந்த தண்ணீரோடு கடைந்து, இறக்கியபின் எலுமிச்சை பிழிந்தால் போதும். இந்தக் கடைசலோடு ராகிக் களி என்றால் கால்சியமும் சேர்ந்துவிடுகிறது. ராகி 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம்.

மாம்பழத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் கிருஷ்ணகிரிக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். பழத்தில் பீட்டா கரோட்டின் தாராளம். வைட்டமின் சி பழுத்ததைவிடக் காயில் அதிகம். ஆனால் சர்க்கரை நோயோடு முட்டிவலியும் இருப்பவர் "கண்ணுக்கும் மூட்டுக்கும் நல்லது" என்று நாலு பழம் சாப்பிட்டால் சர்க்கரையும் எடையும்தான் ஏறும். பேக்கில் வரும் மாம்பழச் சாற்றில் சர்க்கரையும் சேர்ந்திருக்கும், அதைப் பழக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

வைட்டமின் இ நிலக்கடலையில் இருக்கிறது. ஒரு கைப்பிடி கடலை இரண்டு, இரண்டரை மில்லிகிராம் தரும். தினத் தேவை பெரியவர்களுக்கு அதிகபட்சமாக 15 மில்லிகிராம் அளவில்தான். ஆயா கேட்ட 400 யூனிட் கேப்சூலில் இருப்பது சுமார் 180 மில்லிகிராம். பத்து மடங்குக்கும் மேல்.

"வைட்டமின்தானே, என்ன பண்ணிடும்?"

பண்ணும். வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடும் இதய நோயாளிகள், தினம் ஆஸ்பிரின் போடுகிறவர்கள் அதிக அளவு வைட்டமின் இ சேர்த்தால் ரத்தக்கசிவு ஏற்படலாம். முட்டி மாற்று அறுவைக்குத் தேதி குறித்தவர்கள், சாப்பிடுகிற சத்து மாத்திரை எல்லாவற்றையும் மயக்க மருத்துவரிடம் சொல்ல வேண்டும். "அதெல்லாம் மருந்தா?" என்று விட்டுவிடுகிறார்கள்.

உடம்புக்கு வேண்டாத வைட்டமின் சி சிறுநீரில் போய்விடும் என்பது பாதி உண்மை. அதில் ஒரு பங்கு ஆக்சலேட்டாக மாறித்தான் போகும். சிறுநீரகக் கல்லில் அதிகம் காணப்படுவது கால்சியம் ஆக்சலேட். சுவீடனில் ஆண்களை 11 வருடம் பின்தொடர்ந்த ஆய்வில் வைட்டமின் சி மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் கல் வரும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்காக இருந்தது. சித்திரை வெயிலில் பாதித் தண்ணீர் குடித்துக்கொண்டு வயலில் நிற்பவர்கள், ஏற்கனவே கல் வந்தவர்கள், 1,000 மில்லிகிராம் மாத்திரையைத் தினம் கரைத்துக் குடிக்க வேண்டாம். சிறுநீரகம் பாதித்தவர்கள் கீரை, பழ அளவைக்கூட டாக்டரிடம் கேட்டுத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு பீட்டா கரோட்டின் மாத்திரை வேண்டவே வேண்டாம். பின்லாந்தில் 29,000-க்கும் மேற்பட்ட புகைபிடிக்கும் ஆண்களிடம் நடந்த ஆய்வில், நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பிக் கொடுத்த அந்த மாத்திரை, அதை 18 சதவீதம் கூட்டியது. 1994-ல் இந்த முடிவு வந்தபோது உலகமே திகைத்தது. கேரட்டும் பரங்கிக்காயும் சாப்பிடுவதால் இந்த ஆபத்து இல்லை.

இடையில் வைட்டமின் டி-யைப் பற்றியும் இரண்டு வரி. அது வேறு வகை, ஆனால் எலும்பு வைட்டமின் என்று இதே பையில்தான் வந்து சேர்கிறது. 60,000 யூனிட் பாக்கெட் பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்று என்றுதான் எழுதப்படும். தினம் ஒன்று கரைத்துக் குடித்துவிட்டு வாந்தியும் மலச்சிக்கலுமாக வந்தவர் உண்டு. கால்சியம் ரத்தத்தில் ஏறிவிட்டது.

முட்டித் தேய்மானத்துக்கு என்னதான் வழி என்று கேட்டால், என் கடையில் விற்காத இரண்டு விஷயங்கள். எடை ஒரு கிலோ குறைந்தால், நடக்கும் ஒவ்வொரு அடியிலும் முட்டிமேல் விழும் பாரம் சுமார் நாலு கிலோ குறைகிறது. நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, பத்து எண்ணும்வரை வைத்து இறக்கினால் தொடைத்தசை பலப்படும். குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. நடக்கும்போது ஸ்பாஞ்சு மாதிரி அமுங்கி விரிந்துதான் மூட்டுத் திரவத்திலிருந்து தன் சாப்பாட்டை எடுத்துக்கொள்கிறது. அந்தச் சாப்பாட்டில் வைட்டமின் சி-யும் அடக்கம். படுத்தே கிடக்கும் முட்டிக்கு எந்த வைட்டமினைக் கொடுத்தாலும் சரியாகப் போய்ச் சேராது.

ஆயாவுக்குக் கேப்சூல் கொடுக்கவில்லை. தாடையை நெஞ்சில் தொட்டுக் காட்டச் சொன்னேன். பாதிகூட வரவில்லை. பேசும்போது கீழ்வரிசைப் பல்லில் கறை தெரிந்தது. எந்தத் தண்ணீர் என்று கேட்டேன். "காட்டுல இருக்கற போர்தான். முப்பது வருசமா அதான்." குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் தண்ணீரைப் பரிசோதிக்கலாம், பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து வாங்க, தருமபுரி ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டரையும் பார்த்துவிடலாம் என்றேன். முட்டிவலிக்கு மாத்திரை கேட்டால் தண்ணியைக் கேட்கிறானே என்று முகம் சுளித்தார். பத்து ரூபாய்க்குத் தைலம் மட்டும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

அடுத்த வாரம் அதே பஸ்ஸில் வந்தார். முந்தானையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். இருமல் மருந்து பாட்டில், கண்ணாடி, பழைய லேபிள் பாதி உரிந்தது. உள்ளே போர் தண்ணீர்.

"ஆயா, பிளாஸ்டிக் பாட்டில்ல இல்ல கேட்டேன்? இதைக் கழுவியாச்சும் புடிச்சீங்களா?"

"கழுவாமயா? அதே போர் தண்ணியிலதான் மூணு தரம் கழுவுனேன்."